எதிர் அறையில் ஆறிய சாயா

கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு மணக்கும் கிடங்கின் மாடியில், எங்கள் விவாகரத்துக்கு ஒரு பெரியவர்தான் மத்தியஸ்தர். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அடிதடியாகும் என்று எனக்கு ஓர் அறை, கணவருக்கு எதிர் அறை. மத்தியஸ்தருக்கு நரைத்த புருவம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிடுவார். நான் சொன்னதையும் ஒரு சாயாவையும் எதிர் அறைக்குக் கொண்டுபோவார். “ஆலோசிக்கிறார்” என்று திரும்பி வருவார்.

மூன்றாம் முறை, ஆறு வருடமாகக் கேட்காத மன்னிப்பைச் சொல்லி அனுப்பினேன். அதற்கும் அதே பதில். பொறுக்காமல் போய்க் கதவைத் திறந்தேன். ஆளில்லை. மூன்று சாயாவும் ஆடை படிந்து ஆறிக் கிடந்தன.

“அவர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு, மோளே. மனசுல உள்ளதை மோள் சொல்லித் தீர்க்கட்டும்னு விட்டேன்.”

கணவர் ஏமாற்றியது புதிதில்லை. ஆளில்லாத அறைக்கும் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாரே இந்த மனிதர், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.