பச்சைப் பெட்டிக்குப் போடாதீங்க

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த முப்பதுகளில் ஜில்லா போர்டுத் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். ஓட்டுச் சீட்டைத் தமக்குப் பிடித்த வேட்பாளரின் பெட்டிக்குள் போட வேண்டியது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்குப் பச்சைப் பெட்டி கிடைத்தது. சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவருக்கு வேறு எந்த நிறம் பொருந்தும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஓட்டுக் கேட்டுப் போன வீட்டிலெல்லாம் எங்கள் கொடிக்கால் வெற்றிலையும் பாக்கும் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் வெற்றிலையைக் கைநீட்டி வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. பெண்களுக்குக் கொடுக்கும் வேலை என்னுடையது. எனக்குப் பேசவா சொல்லித் தர வேண்டும்? ஓட்டுப் போடும் முன்பே ஜெயித்துவிட்ட மிதப்பில் திரிந்தேன்.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வெகுகாலமாகப் பதவியில் இருந்த பண்ணையார். ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருகிறேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லுவார், ஜெயித்த மறுநாள் மறந்துவிடுவார். இன்னொருவர் ராயப்பன்பட்டிப் பக்கத்து வைத்தியர்; அவருக்குச் சிவப்புப் பெட்டி. அவரும் பாலத்துக்காகத்தான் நின்றார், நாங்களும் அதற்காகத்தான் நின்றோம். முந்தின ஐப்பசியில் என் நாத்தனார் அக்கரையில் பிரசவ வலியில் துடித்தபோது, வெள்ளத்தில் பரிசல் ஏறிப் போய்ப் பிழைக்க வைத்தவரும் அவர்தான்.

ஒருநாள் வாய்க்கால் கரையில் எங்கள் மாட்டுவண்டியும் வைத்தியர் வண்டியும் நேருக்கு நேராக வந்து நின்றுவிட்டன. இரண்டும் ஒதுங்க இடமில்லை. ஆண்கள் இருவரும் இறங்கிப் போய்ப் புங்கமரத்தடியில் வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “இறங்கு. இனி அவுக வண்டியிலதான் போறோம்” என்றார்.

“நாம எதுக்கு விலகணும்? அவுக விலகட்டுமே!” என்று வெடித்தேன்.

“ரெண்டு பேரும் நின்னா பண்ணையாருதான் ஜெயிப்பாரு. வெள்ளத்துல பரிசல் ஏறுனது நானா, அவுகளா?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வண்டி மாறினேன்.

மனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்துவிட்டதால் எங்கள் பச்சைப் பெட்டி ஓட்டுச் சாவடியில் இருந்தே தீரும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆகவே போன வீடுகளுக்கே மறுபடி போனோம். “பச்சைப் பெட்டிக்குப் போடாதீங்க! சிவப்புக்குப் போடுங்க!” என்று முதல் தெருவில் கூசிக் கூசிச் சொன்னேன். இரண்டாவது தெருவில் வெறி பிடித்துவிட்டது. எங்களுக்காகக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. வைத்தியரே மிரண்டு போய்ப் பார்த்தார். தொண்டை கட்டிப்போயும் எனக்கு நிறுத்த மனசில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கோகிலாபுரத்தில், தன் பேரில் நிலம் வைத்திருந்த ஒரு அக்கா மடக்கிவிட்டாள். “ஒங்க வீட்டு வெத்தலய மென்னு முழுங்கியாச்சு. இப்பப் பேச்சு மாறச் சொன்னா எப்பிடி ஆத்தா?”

கெஞ்சிப் பார்த்தேன். “பாப்போம்” என்றாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. அதன்பின் போன வீடுகளிலும் அதே முகம்தான். வெற்றிலையை அள்ளி அள்ளிக் கொடுத்த என் கையையே நொந்துகொண்டேன்.

ஓட்டு எண்ணும் நாளில் உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் ஜன்னலை நாங்கள் பெண்கள் மொய்த்துக்கொண்டோம். பச்சைப் பெட்டியைத்தான் முதலில் எடுத்தார்கள். தூக்கிய சேவகன், “கனக்குதுய்யா” என்றான். பண்ணையாரின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதில் விழுந்தது ஒவ்வொன்றும் வைத்தியருக்குப் போக வேண்டிய ஓட்டு. நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.

அதிகாரி அரக்கு முத்திரையை உடைத்துப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார்.

வெற்றிலை! சுருட்டியது, மடித்தது, வாடியது, அத்தனையும் வெற்றிலை. கொட்டைப்பாக்குகள் மேசையில் உருண்டோடித் தரையில் தெறித்தன. அதிகாரி கிளறிக் கிளறித் தேடினார். ஒரு சீட்டுகூட இல்லை. அடுத்து வந்த சிவப்புப் பெட்டியில் சீட்டுகள் பிதுங்கின; பண்ணையாரின் பெட்டியில் அதில் பாதிகூட இல்லை. நான் போட்ட கூச்சலில் டபேதார் ஓடி வந்து அதட்டினார். உள்ளே என் வீட்டுக்காரர் அந்த வெற்றிலையை எல்லாம் துண்டில் அள்ளிக் கட்டிக்கொண்டு, கண் கலங்க என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கோகிலாபுரத்து அக்கா கூட்டத்தில் முண்டிக்கொண்டு வந்து என் தோளைத் தட்டினாள்.

“வாங்குன வெத்தலயத் திருப்பிக் குடுத்தாச்சு ஆத்தா. அடுத்த தேர்தலுக்குப் புது வெத்தலயோட வாங்க.”