சனிக்கிழமைச் சங்கம்

என் வீட்டுக்காரரைக் கோபக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கொள்கைக்காரர். கோபக்காரரோடு குடும்பம் நடத்துவது சுலபம். ராத்திரி ஒரு மீன்குழம்பு வைத்தால் கோபம் அடங்கிவிடும். கொள்கைக்குக் குழம்பெல்லாம் போதாது. வருஷக்கணக்கில் நிற்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் புதுச்சேரியில் ஒரு மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சங்கத்திலும் முன்னால் நிற்கிற ஆள். நெல்லித்தோப்பில் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். பையன் மூன்றாம் வகுப்பு. பெண் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டும், பையெல்லாம் வாங்கியாகிவிட்டது.

ஒரு நாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்த கையோடு பையனைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் செயின் கழன்றுவிட்டது. அதை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் உள்ளே நின்றுகொண்டு, “நேரத்துக்கு வரத் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறார். ராத்திரி முழுவதும் தறி முன்னால் நின்றுவிட்டு வந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது?

“மில்லுலகூட செத்த நேரம் பொறுத்துத்தான் கேட்ட மூடுவான்! இனிமே எம் புள்ளைங்க காலு எந்தப் பள்ளிக்கூட வாசப்படியையும் மிதிக்காது!” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் கணக்கு வேறு. அவரைப் பொறுத்தவரை அது வேலைநிறுத்தம். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். தலைமையாசிரியருக்கோ, தனக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம் நடப்பதே தெரியாது. அவர் பாட்டுக்குத் தினமும் மணியடித்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆக, நான் வாத்தியாரானேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அரிசி களைந்துகொண்டே ஆத்திச்சூடி சொல்லிக்கொடுக்க முடியாதா என்ன? சொல்லிக்கொடுத்தேன். ஒரே ஒரு சங்கடம்தான். அவருக்கு இரவு ஷிப்ட் வந்தால் பகலெல்லாம் தூக்கம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. அந்த வாரங்களில் பாடம் முழுவதும் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். ‘ஈரெண்டு நாலு’ என்று நான் காதோடு சொல்ல, அதுகள் ‘மூவிரண்டு ஆறு’ என்று காதோடு சொல்லும். வெளியே இருந்து பார்த்தால் மூன்று பேரும் யார் வீட்டிலோ கன்னம் வைக்கத் திட்டம் போடுகிறாற்போல இருக்கும்.

பையன் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் கத்திப் படித்தவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்ணுக்குத்தான் வினை. அவள் அரிச்சுவடியையே கிசுகிசுப்பில் தொடங்கியவள். கற்பது என்றாலே காதோடு செய்கிற காரியம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. போகப் போக எல்லாப் பேச்சுமே அப்படி ஆகிவிட்டது. கடைக்கு அனுப்பினால், அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து குனிந்து, “இன்னா பாப்பா, புளி வாங்கறதுல இன்னா ரகசியம்?” என்பார். தெருவில் மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டமாக வரும்போது கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் கூப்பிட்டால் உள்ளே ஓடிவந்துவிடுவாள். கணக்கு வராவிட்டால் நாளைக்கு வந்துவிடும். இந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு துணை வேண்டுமே, அதற்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் மதாம் கிடைத்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அடுத்த தெருவில் அப்படி ஒரு சொல்தா. அவர் மனைவியை ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். கணவரோடு ஊர் ஊராகச் சுற்றியும் மதாமின் பேச்சு மட்டும் நெல்லித்தோப்பை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, “உம் புள்ளைங்க எந்த எக்கோலு?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு அவர் சொல்கிற பிரெஞ்சு வார்த்தை அது.

நான் தலையைக் குனிந்துகொண்டு, “வூட்டுலதான் மதாம், நாந்தான் சொல்லித் தர்றேன்” என்றேன்.

“அட, எங்க வூட்டுலயும் அப்பிடித்தாம்மா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிரான்சிலிருந்து தபாலில் பாடம் வருமாம். வீட்டில் வைத்து அவரே நடத்துகிறார். பாடம் வருகிறது, பேச்சுத் துணை வரவில்லை என்று அவருக்கும் என் கவலையே. அந்தத் தெருவிலேயே ஒரு ஹோமியோபதி டாக்டர் இருந்தார். சாக்பீஸ் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று அவரும் தம் இரட்டைப் பையன்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் சனிக்கிழமை மத்தியானம் மதாம் வீட்டில் ஒன்றாக உட்கார வைப்பது, ஆளுக்கொரு பாடம் எடுப்பது என்று கத்தரிக்காய்க் கூடை முன்னாலேயே முடிவாகிவிட்டது.

“ஆனா ஒண்ணு, புள்ளைங்களுக்குப் பேரு பதியணும்னா உன் வூட்டு மிசேவும் நீயும் ரெண்டு பேருமா வரணும். அப்பா அம்மா ஒத்துக்காம நான் ஒருத்தரையும் சேக்கறதில்ல” என்றார் அவர்.

ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் விதிமுறை! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். வகுப்பு என்று சொன்னால் மனுஷன் வரமாட்டார். டியூஷன் என்றால் அதுவும் பள்ளிக்கூடத்தின் பங்காளி என்பார். அவர் எதற்குச் சொல்லாமலே எழுந்து வருவார்? அது எனக்குத் தெரியாதா என்ன.

சோறு போடும்போது சும்மா சொல்வதுபோலச் சொன்னேன்: “ஏங்க, புள்ளைங்கள வூட்டுலயே படிக்க வைக்கிறவங்கள்லாம் சேந்து ஒரு சங்கம் வெக்கறாங்களாம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “சங்கமா? யாரு தலைவரு?”

“அதெல்லாம் எனக்கின்னா தெரியும்? நீங்க வந்து பேசுங்க.”

சனிக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

மதாம் வீட்டுக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மதாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “உங்க புள்ளைங்களுக்கு இதுவரைக்கும் என்னா என்னா தெரியும் மிசே?” என்று கேட்கிறார். இவர், “அது கெடக்கட்டும். மொதல்ல நிர்வாகக் குழுவுல யார் யாரு?” என்கிறார். மதாம் என்னைப் பார்த்தார். நான் கூரையில் பல்லி தேடினேன். மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த சொல்தா மட்டும் என் முகத்தையும் இவர் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறடி உயரம், பெரிய மீசை, வீட்டில் மட்டும் எந்த அதிகாரமும் இல்லாத மனிதர். மெதுவாக எழுந்து விறைப்பாக நின்று, “புரேசிதான் நாந்தான். இந்தச் சங்கத்துக்கு நாந்தான் தலைவரு” என்றார்.

இவருக்குத் திருப்தி. கை குலுக்கினார். “அப்ப ஒரு கோரிக்கை. லேட்டா வர்ற புள்ளைங்களுக்குக் கேட்ட மூடக் கூடாது” என்றார்.

காப்பியைக்கூடக் கடிகாரம் பார்த்துக் குடிக்கிறவர் மதாம். அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்தா, “ஏத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டார். எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ, அந்த ஒரு வார்த்தை சொல்ல.

பிறகு பேர் பதிந்தார்கள். பையன் தன் பேரை உரக்கச் சொன்னான். பெண்ணிடம் கேட்டதும் அவள் உதடு மட்டும் அசைந்தது. மதாம் எழுந்து வந்து, குனிந்து, அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டார். “குழந்தைக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?” என்றார் என்னிடம். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

வகுப்பு நன்றாகவே நடந்தது. மதாம் தேசப்படம் காட்டுவார், பாட்டுச் சொல்லித் தருவார். டாக்டர் எலும்புகளைப் பற்றிப் பேசுவார். கணக்கு என்னுடையது. சாக்பீஸ் தூளுக்குப் பயப்படுகிற டாக்டருக்காகக் கரும்பலகையைக் கூடத்தின் ஒரு கோடியில் மாட்டி, பிள்ளைகளை மறு கோடியில் உட்கார வைத்திருந்தோம். அதனால் நான் கத்திக் கத்தித்தான் பாடம் எடுக்கவேண்டும். எனக்கு இவ்வளவு குரல் இருப்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. என் பெண் மதாமின் சின்னப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்குக் குரல் அரைகுறை. இரண்டும் காதோடு காதாக என்ன பேசிக்கொள்ளுமோ, விழுந்து விழுந்து சிரிக்கும். என் பெண் சிரிக்கிற சத்தத்தை அங்கே வைத்துத்தான் நான் முதலில் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டில் இவர், “சங்கம் எப்பிடிப் போவுது?” என்று கேட்பார். “நல்லாப் போவுதுங்க” என்பேன். அது பொய்யும் இல்லையே.

ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடித்தவர், வீட்டுக்கு வராமல் நேரே சங்கத்தைப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார். கேட்டில் கால் வைக்கப்போனவர் உள்ளே பார்த்திருக்கிறார். வரிசையாகப் பிள்ளைகள், கரும்பலகை, கையில் சாக்பீஸோடு நான். ‘பதிமூணுலருந்து எட்டுப் போனா எவ்வளவு?’ என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். தூக்கிய காலை அப்படியே பின்னால் எடுத்துவிட்டார். பள்ளிக்கூட வாசல் அல்லவா, பிள்ளைகள் மிதிக்கக் கூடாததை அவர் மட்டும் மிதிப்பாரா!

“ஏ! இதான் உன் சங்கமா? பசங்களா, வெளிய வாங்க!” என்று தெருவில் நின்றபடி ஒரு சத்தம் போட்டார்.

பையன் எழுந்தான். என் பெண்ணும் எழுந்தாள், பையை எடுத்து மாட்டிக்கொண்டாள், நடந்து போனாள். போயிற்று, இனி மறுபடியும் கதவிடுக்குதான் என்று நினைத்தேன். போனவள் கேட்டைத் தாண்டவில்லை. சரியாகக் கேட்டின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மில்லில் வேலைநிறுத்தம் வந்தபோதெல்லாம் கேட் மீட்டிங்குக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் இவர்தானே. அவள் வலது கையை முஷ்டி பிடித்து உயர்த்தினாள்.

“வரமாட்டோம்! வரமாட்டோம்!”

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்! எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். அண்ணன்காரன் ஓடிப்போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். மதாம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். டாக்டரின் இரட்டையர் எதற்கு என்றே தெரியாமல் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினார்கள். சொல்தா, “கிரேவ்! கிரேவ்!” என்று, பிரான்சில் வேலைநிறுத்தத்துக்குச் சொல்கிற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிவந்து கேட்டருகே போட்டு உட்கார்ந்தார். மதாம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷிப்ட் விட்டு வந்த மில் ஆட்கள் இரண்டு மூன்று பேர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், “இன்னாண்ணே, உனக்கே கேட் மீட்டிங்கா?” என்றார்.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. கை நீட்டினால் பெண்ணைத் தூக்கிவிடலாம். ஆனால் உட்கார்ந்து போராடுகிற ஒருத்தரை இழுத்துப் போடுகிறவனை அவர் வாழ்நாளெல்லாம் திட்டியவர். போராட்டக்காரரைத் தாண்டி உள்ளே போகிறவனுக்கு அவர் வைத்திருக்கும் பேரை இங்கே எழுத முடியாது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, மகளைப் பார்த்து, “கோரிக்கை இன்னா?” என்று கேட்டார்.

“சனிக்கெழம மட்டும் பத்தாதுப்பா. தெனமும் வேணும். நெறயப் புள்ளைங்க வேணும்.”

“அதுக்குப் பேரு பள்ளிக்கூடம்.”

“ஆமா, அதான் வேணும்.”

“ஏன், அம்மா நல்லாச் சொல்லித் தரலியா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அம்மா நல்லாத்தான் சொல்லித் தருது. ஆனா பக்கத்துல யாருமே இல்ல” என்றாள்.

நான் சாக்பீஸோடு நின்றேன். இத்தனை நேரமும் நிர்வாகம் என்பது அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரணியில் நானும்தான் நின்றிருக்கிறேன். வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்லவேண்டும்? அவள் ‘அ’ எழுதக் கை பிடித்தவள் நான். ஆனால் அவள் அதைக் கத்திச் சொன்னாளே, அந்தச் சந்தோஷம் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் குனிந்து மகள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சரி, ஏத்துக்கறேன்” என்றார். மில் ஆட்கள் கைதட்டினார்கள்.

வீட்டுப் படிப்பு தொடங்கி இரண்டு வருஷம் ஆன ஜூன் மாதம் வேறொரு பள்ளியில் சேர்க்கப் போனோம். பெண்ணுக்கு நேராக மூன்றாம் வகுப்பில் இடம் கொடுத்தார்கள். முதல் நாள் வாசலில் அவர் நின்றுவிட்டார். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே! பிறகு பெண்ணை அலாக்காகத் தூக்கி, கால் படாமல் வாசற்படிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். பையன், “மானம் போவுதுப்பா” என்று அழாத குறையாகக் கெஞ்சியும் விடவில்லை. அவனையும் தூக்கித்தான் இறக்கினார். வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

வெளியே மதில் ஓரமாக நின்றோம். அவர் சைக்கிளை எடுக்கவில்லை, நானும் நகரவில்லை. உள்ளே வருகைப் பதிவு எடுத்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ‘உள்ளேன் ஐயா’ லேசாகக் கேட்டது. என் பெண்ணின் பேர் வந்தது. அடுத்து வந்த ‘உள்ளேன் ஐயா’வுக்கு மதில் மேல் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

“நம்ம புள்ள. கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுதுங்க” என்றேன், வீட்டில் பாடம் சொன்ன அதே குரலில்.

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து, என் வாயருகே காதைக் கொண்டுவந்து, “இன்னா?” என்றார். அப்புறம் அவருக்கே புரிந்துவிட்டது. மதிலைப் பார்த்துக்கொண்டு, “நான் தூங்கல, முழிச்சிக்கினுதான் இருக்கறேன். சத்தமாவே சொல்லு” என்றார்.