விலகல் படிவம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். ஆலைக்கழிவு கிணறுகளில் கலக்கிறதா என்னும் ஆய்வுக்காக வாங்கிய பன்னிரண்டு ஒப்புதல் படிவங்கள் பையில் இருக்கின்றன. காலையில் தண்ணீர் தந்து கையெழுத்திட்ட பெண் ஓடி வருகிறாள்.

"சார், என் பேப்பரக் குடுத்துடு. ஊட்டுக்காரரு அந்தக் கம்பெனிலதான் கான்ட்ராக்ட்ல கீறாரு. தெரிஞ்சா அவர மெயின் கேட்டாண்டயே நிறுத்திடுவானுங்க."

"தாராளமா விலகலாம்மா. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. கையெழுத்து போட்டா போதும்."

பல்கலைக்கழக ஆய்வுக்காக அந்தப் படிவத்தை வகுத்தவனே நான்தான்.

"அதுக்கும் கையெழுத்தா? இன்னா சார், வெளாடுறியா?"

எதிரே கம்பெனிக் காவலாளியின் பைக் வந்து நிற்கிறது. கையெழுத்து விதியை விட்டுவிட்டு அவளுடைய ஒப்புதல் தாளைக் கொடுக்கிறேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு விரைகிறாள். காவலாளி அவளைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்க்கிறார். உள்ளே இன்னும் பதினொரு பெயர்கள் இருக்கின்றன.