இரண்டாம் தரம் கொடுத்த சாப்பாடு

வித்தியா என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது ஒரு சண்டைக்குள்ளேதான். என் சித்தப்பாவின் மகன் இரத்தினசிங்கம். அவனுடைய மனைவி குணவதியும் அவனுடைய தமையன் பெண்சாதியும் ஒரே நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி. பெண் பிறந்தால் வித்தியா என்றுதான் வைப்பேன் என்று தமையன் பெண்சாதி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். குணவதிக்குத்தான் பெண் முந்திப் பிறந்தது. பெயரையும் முந்தி வைத்துவிட்டாள்.

"என்ர பிள்ளையின்ர பேரைக் களவெடுத்துப் போட்டாள்" என்று மற்றவள் பிள்ளையைப் பார்க்கவே வரவில்லை.

"பிள்ளை முந்திப் பிறந்தா, பேர் மட்டும் பிந்திப் பிறக்கவேணுமோ?" என்றாள் குணவதி.

பிள்ளையின் முகத்தைக் காணுமுன் அதன் பெயர் இப்படித்தான் என் காதுக்கு வந்தது.

வித்தியா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் தகப்பனோடும் தம்பி சஞ்சீவனோடும் ஒக்லாந்துக்கு வந்துவிட்டாள். லேப் வேலைக்குப் படித்தாள். பஸ் ஓட்டுகிற கேதீஸ்வரனைக் கட்டினாள். ஏவன்டேலில் வீடு. நெருப்பில் வெந்தவர்களுக்கு ஒட்டுவதற்குத் தோல் வளர்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். கலங்கள், அதாவது செல்கள், என்று அவள் சொல்வாள். கண்ணுக்குத் தெரியாத அதுகள் ஒரு தட்டைப் போத்தலுக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீரில் கிடக்குமாம். ஒன்றைவிட்டு ஒரு நாள் பழைய தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். அதற்குப் பெயரே சாப்பாடு கொடுக்கிறது. பசித்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். "குழந்தை மாதிரித்தான் மாமி. அழாது, நிறம் மாறும்" என்பாள்.

அந்தக் கம்பெனிக்கு ஒவ்வொரு கோடைக்கும் யூனிவர்சிட்டியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். இன்டர்ன் என்கிறார்கள். இரண்டு பேர், சில வருடம் மூன்று பேர். இங்கே கோடை வருடக் கடைசியில்தான், நவம்பரில் வந்து பிப்ரவரியில் போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது வித்தியாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. வெள்ளைக் கோட்டில் பெயர் எழுதிக் கொடுப்பாள். முதல் கிழமை கலத்தைத் தொட விடமாட்டாள், வெறும் தண்ணீரை அளந்து பழகச் சொல்வாள். சாப்பாடு கொடுத்தால் போத்தலின் பக்கத்தில் உன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் பேனாவால் எழுது என்பது அவளுடைய சட்டம். வெள்ளிக்கிழமைகளில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவாள். முதல் நாள் வித்தியா என்று கூப்பிடுகிற பிள்ளைகள் கிறிஸ்மஸ் வருவதற்குள் ஆன்ட்டி என்று கூப்பிடும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் உட்பட. கடைசி நாள் சாப்பாடு அவள் வீட்டில். ஃபிரிட்ஜ் கதவு முழுக்க அவர்கள் படம்தான்.

"இஞ்சேரும், பஸ்ஸிலை ஏறி இறங்குற சனத்தையெல்லாம் நான் இப்பிடிப் படம் எடுத்து ஒட்டினா வீட்டிலை சுவர் காணாது" என்பான் கேதீஸ்வரன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இவள் இப்படி என்று கோயிலில் கதைக்கிறவர்கள் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இவள் பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் கோயம்புத்தூரிலிருந்து அஸ்வினி என்று ஒரு பெண் அந்தக் கம்பெனிக்கு வந்தாள். டாக்டர் பட்டம் வாங்கியவள், முப்பது வயதுதான். கம்பெனியை நடத்துகிற லின்டா வித்தியாவைக் கூப்பிட்டு, "இத்தனை வருடம் நீ பார்த்தாய். இந்தக் கோடை பிள்ளைகளை அஸ்வினி பார்க்கட்டும்" என்றாளாம். வித்தியா நல்லது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"அக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று அஸ்வினியும் சொன்னாள்.

"ரெஸ்டாம். எனக்கு என்ன வருத்தமோ காய்ச்சலோ, ரெஸ்ட் எடுக்க?" என்று வித்தியா என்னிடம் வந்து பொரிந்தாள்.

அந்த வருடம் வந்தவர்களில் பிரணவி என்று ஒருத்தி, எங்கள் ஊர் ஆட்களின் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிற பிள்ளை. வித்தியாவுக்கு அவளைக் கண்ட உடனே பிடித்துவிட்டது. ஆனால் பிள்ளை அஸ்வினியின் பின்னால் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ரோல்ஸ் பெட்டியோடு வித்தியா போய் நிற்க, எல்லோரும் அஸ்வினியின் காரில் சான்ட்ரிங்ஹாமுக்குத் தோசை சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் அஸ்வினி ஏதோ கேட்க, பிரணவி சிரித்துக்கொண்டு "ஆமா ஆமா" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே வித்தியா அழுதாள். "எங்கட பிள்ளை மாமி! ஒரு நாள் 'ஓம்' எண்டு அந்த வாயாலை வந்ததில்லை. 'ஆமா' எண்டு சொல்லுது. அவ சொல்லிக் குடுத்திருக்கிறா."

"கத்தரிக்காயை நசுக்காதை, அவன் காசு கேட்பான்" என்றேன். வேறென்ன சொல்ல?

கிறிஸ்மஸ் லீவுக்குக் கம்பெனியை மூடினாலும் கலங்களுக்குப் பசிக்கும். அந்த நாட்களில் போய்ச் சாப்பாடு கொடுப்பது எப்போதும் வித்தியாதான். இந்த முறை அஸ்வினி அதைப் பிரணவியிடம் கொடுத்தாள். பிரணவியின் போத்தல்களில் ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு மருந்தும் அளவாகப் போகும். எவ்வளவு மருந்துக்குத் தோல் கெதியாக வளரும் என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி. அது சரியாக வந்தால் அந்தப் பிள்ளையைக் கம்பெனியே வைத்து மேலே படிப்பிப்பதாகப் பேச்சு. அந்த இடத்துக்காகப் பிள்ளை உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், பொக்சிங் டே அன்று, வித்தியாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். போத்தல்களை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் எழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. பிள்ளை வரவில்லை, மறந்துபோனாள் என்று முடிவு கட்டினாள்.

"அப்ப எனக்கு நெஞ்சு குளிர்ந்தது மாமி" என்று பின்னால் அவளே சொன்னாள்.

தண்ணீர் மஞ்சளாக இருக்கவில்லை, இளஞ்சிவப்பாகவே இருந்தது. இத்தனை வருடம் அந்த நிறத்தைப் பார்த்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தெரியும். கலம் குறைவாக இருக்கும், அதுதான் நிறம் மாறவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சாப்பாட்டையும் மருந்தையும் கொடுத்தாள். லீவு முடியும்வரை அப்படியே போய்ப் போய்க் கொடுத்தாள். யாருக்கும் மூச்சு விடவில்லை. கம்பெனி திறந்த பிறகு எல்லோருக்கும் முன்னால், "உங்கட பிள்ளை மறந்தது, நான் காப்பாத்தினனான்" என்று சொல்வதற்கு வசனம் எல்லாம் ஆயத்தம்.

கம்பெனி திறந்தபோது பிரணவியின் கலங்கள் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. லின்டா எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினாள். ஒரு நாளும் தவறாமல் வந்ததாகப் பிரணவி சொன்னாள். வந்த ஒவ்வொரு நாளும் கிறிஸ்மஸ் தொப்பியோடு போத்தலைப் பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்பிய படம் அஸ்வினியின் போனில் இருந்தது. போத்தலில் எழுதுகிற பழக்கத்தை அஸ்வினி அந்தக் கோடையிலேயே நிறுத்திவிட்டாளாம், கம்ப்யூட்டரில் பதிந்தால் போதும் என்று. வித்தியாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்படியானால் மருந்தை நீதான் கூட்டிப் போட்டிருக்கிறாய் என்றாள் லின்டா. பிள்ளை விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டது. வித்தியாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும் வாய் திறக்கவில்லை.

அப்போது அஸ்வினி எழுந்து, பிழை என்னுடையது, பழகாத பிள்ளையைத் தனியே விட்டேன், அவளுடைய இடத்தைப் பறிக்க வேண்டாம் என்றாளாம். பிரணவி அவள் தோளில் போய்ச் சாய்ந்தாள்.

வித்தியா உண்மைக்குப் பயந்து எழுந்தாள் என்று நான் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவள் என்னிடம் சொன்னது வேறு. "அந்தப் பிள்ளைக்காகப் பழி ஏக்கிறதும் உவதானோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது மாமி. எழும்பிட்டன். ரெண்டாந்தரம் குடுத்தது நான்தான் எண்டு சொல்லிட்டன்."

லின்டா, சொன்னதற்கு நன்றி என்றாள். அடுத்த நாள் கலங்கள் இருக்கிற அறைக்குப் போகிற அட்டையை வித்தியாவிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டாள். பிரணவி முதலிலிருந்து திரும்பத் தொடங்கினாள். அந்த இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

கை கழுவுகிற இடத்தில் வைத்து வித்தியா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"இட்ஸ் ஓகே, வித்தியா" என்றது பிள்ளை. ஆன்ட்டி இல்லை, வித்தியா. திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

குணவதிக்கு இது தெரிய வந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "சஞ்சீவனுக்குச் செய்ததைத்தானே அதுகளுக்கும் செய்திருக்கிறாய்!" சஞ்சீவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் நான் அவனுக்குப் போத்தலில் பால் கொடுத்துவிட்டேன். மாமி எப்படிக் கொடுக்கலாம் என்று வித்தியா அழுது, ஒருவருக்கும் தெரியாமல் இன்னொரு போத்தலைக் கொண்டுபோய்ப் பருக்கினாள். பிள்ளை அவ்வளவையும் அவள் சட்டையிலேயே கக்கிவிட்டது.

"அவன் கக்கினவன், தப்பினவன். உதுகளுக்குக் கக்க வாய் இல்லையே" என்றாள் குணவதி. வித்தியா அன்று தாய் வீட்டில் சாப்பிடாமல் போய்விட்டாள்.

அந்த வருடம் கடைசி நாள் சாப்பாடு அஸ்வினியின் பிளாட்டில் நடந்தது. வித்தியாவையும் கூப்பிட்டார்கள். ரோல்ஸ் கொண்டுபோனாள். பிரணவி எதை எடுக்கிறாள் என்று மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஒரு ரோல்ஸ் எடுத்தாள். ஆனால் பிரியாணியை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

இப்போது வித்தியா அதே கம்பெனியில் சாமான் அறையில் இருக்கிறாள். வருகிற பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறாள். நவம்பரில் வருகிற பிள்ளைகளுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற வெள்ளைக் கோட்டும் அந்த அறையில்தான் இருக்கிறது.