மாரண்டஹள்ளி பேசுகிறது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருக்கட்டும். ஆனால் எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்த கோபத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அதற்குப் பொறுப்பானவர் சென்னையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எனக்குப் பாலக்கோட்டில், சர்க்கரை ஆலையின் மின்சாரப் பிரிவில் வேலை. வீடு மாரண்டஹள்ளியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின் தெருவில். எனக்கிருந்த ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு செட் கட்டி, வீட்டுக் கூரையிலிருந்து எதிர்த் தென்னைமரம் வரை ஆன்டெனா கம்பி இழுத்து, முகம் தெரியாத மனிதர்களோடு பேசுகிற பைத்தியம். எங்கள் ஊரில் இது பிடித்தவன் நான் ஒருத்தன்தான். வால்வு சூடாகிற கதையை நான் யாரிடம் போய்ப் பேசுவது, தக்காளிக் கூடை ஏற்றுகிறவரிடமா? அதனால் ஞாயிறு காலை அந்த ஒரு மணி நேரம் எனக்கு உயிர்.

அந்த நேரத்தில் தமிழில் பேசும் ஹாம்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். கூட்டத்தை நடத்துகிறவர் சென்னைக்காரர். அவர் ஊர் ஊராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் பேசலாம். நான் சேர்ந்த முதல் நாள், மைக் பொத்தானை அழுத்தி, எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் பேச்சு எப்படித் தொடங்குமோ அப்படித்தான் தொடங்கினேன்.

“வணக்கமுங்க. மாரண்டஹள்ளிங்க. எல்லாரும் சாப்டாச்சுங்களா? ஓவர்.”

யாரோ சிரித்தார்கள். சென்னைக்காரரும் சிரித்துவிட்டு, “சார், இது ஓட்டல் இல்ல. ஊர் எது, ஹள்ளியா? அது கர்நாடகா இல்லையா? இது தமிழ் நேரம்” என்றார்.

“தருமபுரி ஜில்லாங்க. பாலக்கோடு தாலூக்கா.”

“பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர் ஏதாவது சொல்லுங்க.”

“ஓசூர் இருக்குதுங்க. ஆனா அது பக்கத்துல இல்லீங்க.”

“போதும். ஓசூர் நிலையம். அடுத்து சேலம்.”

அவ்வளவுதான், என் ஊர் போயிற்று. ஓசூருக்குப் பஸ்ஸில் போய் இறங்கினால் முதுகு கழன்றுவிடும், அது எனக்குப் பக்கத்து ஊராம்! ஹள்ளி என்றால் தமிழ் இல்லையாம்! எங்கள் வலது பக்கத்து வீட்டில் கன்னடம், பின் வீட்டில் தெலுங்கு. தெருவில் இறங்கினால் எல்லோரும் தமிழ். கன்னட வீட்டம்மா என் மனைவியைப் பார்த்து “ஊட்டா ஆயித்தா” என்று சாப்பாட்டை விசாரிப்பார், என் மனைவி “ஆச்சுங்க்கா, நீங்க?” என்பாள். இதில் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காமல் சிக்னல் எப்படி என்று கேட்பதுதான் நாகரிகம் என்றால், அந்த நாகரிகத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்தேன். வாராவாரம் மாரண்டஹள்ளி என்றேன், வாராவாரம் அவர் ஓசூர் என்றார்.

கூட்டத்தில் எனக்குப் பிடித்த மனிதர் நாகர்கோவிலில் இருந்த ஒரு வாத்தியார். அவர் செட்டுக்குச் சக்தி அதிகம், குரல் பக்கத்து அறையில் இருந்து வருகிற மாதிரி தெளிவாகக் கேட்கும். என் செட் சின்னது, என் குரல் அவருக்கு எட்டாது. நான் சொல்வதைச் சென்னைக்காரர் வாங்கி அவருக்குச் சொல்வார். நான் “வாத்தியாருங்களே, வூட்ல எல்லாம் சௌக்கியங்களா, மாரண்டஹள்ளியில மழைங்க” என்பேன். சென்னைக்காரர், “ஓசூரில் மழை, சிக்னல் நன்று” என்று சுருக்கி அனுப்புவார். ஊரும் போகாது, விசாரிப்பும் போகாது. இருந்தாலும் அந்த வாத்தியார் என் செட்டைப் பற்றி அக்கறையாகக் கேட்பார். பார்க்காமலே அவர் மேல் அவ்வளவு பிரியம் எனக்கு.

ஒரு ஞாயிறு அவர் சொன்னார்: “ஓசூர் நண்பருக்கு ஒரு செய்தி. போன வாரம் பெங்களூர் வந்தேன். திரும்பும்போது சொல்லாம வந்து அசத்தணும்னு ஓசூர்ல இறங்கினேன். ஹாம் வீட்டுக்கு விலாசம் எதுக்கு, கூரையைப் பாத்தா தெரியாதா? காலையில இருந்து தெருத்தெருவா அண்ணாந்து பாத்துட்டே நடந்தேன். ஒரு கம்பியும் காணல்ல. கழுத்து வலிதான் மிச்சம். அப்புறம் தருமபுரி பஸ் ஏறிட்டேன். வழியில ஏதோ ஒரு ஹள்ளியில பஸ்ஸ நிறுத்தினான். டீ குடிச்சேன். நல்ல டீ. ஓவர்.”

கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, பொத்தானை அழுத்திக் கத்தினேன். “ஓசூர்ல யாரும் இல்லீங்க! அந்த பஸ் டீக்கு நிக்கறது மாரண்டஹள்ளியிலதாங்க! அந்தக் கடைக்குப் பின் தெருதாங்க என் வூடு! சார், இத அவருக்குச் சொல்லுங்க!”

“ஒழுங்கா இருங்க ஓசூர்” என்றார் சென்னைக்காரர். பிறகு நாகர்கோவிலுக்குச் சொன்னார்: “ஓசூர் நண்பர் வருத்தம் தெரிவிக்கிறார்.”

“இனிமே ஓசூர்னு கூப்ட்டா நான் பேச மாட்டேன். எழுதி வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு செட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சென்னைக்காரர் “ஓசூர் நிலையம், ஓசூர் நிலையம்” என்றார். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்த மனைவி முக்காட்டைக்கூட எடுக்காமல் கதவில் நின்றாள்.

“ஏங்க, கூப்புடறாங்கல்ல, பேசுங்க.”

“நம்மளக் கூப்புடல.”

“ஒரு ஊர்ப் பேருக்காவ இருக்கற நாலு சிநேகிதத்தயும் வுட்டுடுவீங்களா?”

“வுட்டா வுட்டதுதான்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் தவித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் ஓசூரைக் கூப்பிட்டார்கள், நான் அசையவில்லை. மற்றவர்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது பட்டினி கிடக்கிற மாதிரி இருந்தது. அப்போது வாத்தியார் குறுக்கே வந்தார்.

“ஓசூர் நண்பரை ஏன் காணல்ல? உடம்புக்கு முடியல்லையா?”

சென்னைக்காரர் தயங்கினார். “உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஓசூர்னு கூப்பிட்டா பேச மாட்டாராம்.”

“பின்ன அவருக்கு எந்த ஊரு?”

நான் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்க சார், சொல்லித்தான் ஆகணும் என்று மனசுக்குள் கறுவினேன்.

“மாரண்டஹள்ளி” என்றார் சென்னைக்காரர்.

“அட, நான் டீ குடிச்ச ஊருல்லா அது!” என்று வாத்தியார் கத்தினார். ஓவர் சொல்லவும் மறந்துவிட்டார்.

நான் மைக்கை எடுத்தேன். “ஆமாங்க. அடுத்த தடவை அங்கயே எறங்குங்க.”

சென்னைக்காரர் வாத்தியாருக்குச் சொன்னார்: “மாரண்டஹள்ளி நண்பர், அடுத்த தடவை அங்கேயே இறங்கச் சொல்கிறார்.”