தாபோடியிலிருந்து கேம்ப்புக்கு: அண்ணன் முதுகைக் காட்டிய நாள்

அன்று ரிக்‌ஷாவில் இருந்தவர்கள்: நான், மகள் மல்லிகா, அவள் மடியில் ஏழு வயதுப் பேரன் கண்ணன், என் அண்ணன் வேலு, டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை சேகர். 2004 ஜூலை. கண்ணனுக்குக் காய்ச்சலில் கழுத்து விறைத்துவிட்டது. வெளிச்சம் பட்டாலே அலறினான். நாங்கள் குடியிருக்கும் தாபோடியிலிருந்து நகரத்துக்குள் கேம்ப் பகுதியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பத்துக் கிலோமீட்டர். திட்டம் போட்டுப் போகிற பயணமில்லை. போக நேர்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மழையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டவே அரை மணி ஆனது. "டென்ஷன் கேவூ நகா, ஆஜி", கவலைப்படாதீங்க பாட்டி என்று மராத்தியில் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, டிரைவர் காட்கி சந்துகளுக்குள் வளைத்து வளைத்து ஓட்டினார். எழுபது ரூபாய். மீட்டருக்கு மேல் வாங்கவில்லை. நன்றாக இருக்கட்டும்.

மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர். சேகர் பேனாவைத் தொடவில்லை.

"முதுகுல ஊசி போட்டா கால் வராம போயிடும்னு ஃபேக்டரில சொல்றாங்க அத்தை. மாத்திரை மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

"அம்மா, நீ சொல்லும்மா" என்று மல்லிகா அழுதாள்.

இதே பேச்சை ஆறு வயதில் கேட்டவள் நான். 1940. எட்டு வயது அண்ணன் வில்லாக வளைந்து கிடந்தார். கிருமியைக் கொல்ல இப்போதிருக்கும் மருந்து அப்போது ஏது? தினமும் முதுகில் ஊசி குத்திச் சீழ்நீரை வடிப்பார்கள். அதே ஊசி வழியாகக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஏற்றுவார்கள். அப்படியும் பிழைத்தவர்கள் கொஞ்சம்தான். வீடு தேடி வந்த டாக்டரை, 'பிள்ளை முடமாயிடுவான்' என்று வாசலோடு திருப்பிவிட்டார் ஒருவர். இரண்டு நாள் கழித்து அப்பாவே அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே அதே ஊசியைப் போட்டார்கள். உயிர் மிஞ்சியது, தாமதத்தில் காது போய்விட்டது.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகரைக் காட்டி, என் முதுகைத் தொட்டேன். புரிந்துவிட்டது. சட்டையைத் தூக்கி முதுகைத் திருப்பினார். வார்டே அதிர்ந்தது அவர் குரலில்.

"எனக்குக் காதுதான் போச்சு மாப்ளே, காலு இல்ல!"

சொன்னதோடு விடாமல் வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தும் காட்டினார். நர்ஸ் அதட்டினாள். சேகர் கையெழுத்துப் போட்டார்.

எடுத்த நீரில் மூளைக் காய்ச்சல்தான் என்று தெரிந்ததும், கண்ணனுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டதும் அவனுக்குப் பின்னால் நின்று ஒரு டம்ளரைத் தரையில் போட்டேன். திரும்பி, "என்ன பாட்டி?" என்றான். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களையும், அது வருமுன் வெறும் ஊசியோடு போராடிய டாக்டர்களையும் சேர்த்தே கும்பிடுகிறேன்.

மழைக்காலத்தில் பாலத்தை நம்பாதீர்கள், உடனே கிளம்புங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். டாக்டர் சொல்லும்போது குறுக்கே நிற்காதீர்கள்.

சேகரை அன்றே மன்னித்துவிட்டேன், பயந்துபோன தகப்பன். டாக்டரை வாசலோடு திருப்பியவர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் சித்தப்பா கோவிந்தசாமி.