ஆமைக்கும் வந்த வாதம்

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஏலக்காய் ஆயும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கணவருக்கு யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் வாதம். கறியை விடச் சொன்னால் கேட்கமாட்டார். ஆசையாக வளர்த்த ஆமைக்கும் கறி, முட்டை என்று ஊட்டுவார்.

ஒருநாள் ஆமை நடக்கவில்லை. முன்னங்கால் மூட்டுகள் வீங்கியிருந்தன. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன்.

"இதுவும் யூரிக் அமில வாதந்தாம்மா. கறி, முட்டையால வந்தது. முழுசா குணமாகாது. இனிமே புல்லு, கீரை மட்டும் குடுங்க. தெனமும் வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் விடுங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"ரெண்டு பேருக்குப் பண்டுவம் பாக்க எனக்குத் தெம்பில்லைங்க."



மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, ஆமை தண்ணீர்ச் சட்டியில் கிடந்தது. பக்கத்தில் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கொழம்புக்குக் கறி வாங்கியாரவா?" என்றேன்.

"அதுக்குக் கீரையப் போட்டுட்டு நான் மட்டும் கறி திங்கவா? இன்னைக்கு நானே ஆக்குறேன். நீ செத்த நேரம் படு."

ஆமையின் வீக்கம் முழுதாக வற்றவில்லை. அவர் வலியும் விட்டு விட்டு வந்தது. ஆனால் அன்று பாயில் சாய்ந்த பிறகுதான், நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.